நெடுஞ்சாலைக்கு ஓர் அரங்கேற்றம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எம்-185 என்றொரு நெடுஞ்சாலை இருக்கிறது. மாநில அரசின் பட்டியலில் எண் பெற்ற முறையான நெடுஞ்சாலைதான்; ஆனால் அதில் கார் ஓடக் கூடாது. மாக்கினா என்ற தீவைச் சுற்றி ஏறக்குறைய 8 மைல், நம் கணக்கில் 13 கிலோமீட்டர், போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சாலை அது. நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், குதிரை வண்டியில் போகலாம். மோட்டார் வண்டிக்கு அங்கே 1898-இல் போட்ட தடை இன்னும் நீடிக்கிறது. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் விலக்கு உண்டு. 2005-இல் அந்த இரண்டுமே ஒன்றையொன்று உரசிக்கொண்டன என்பதுதான் அந்தச் சாலையின் பெயர்போன விபத்து.

இந்தச் சாலைக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை உண்டு. சிறப்புக் கட்டுரைத் தகுதி பெற்றது. பக்கத்தின் வலது மேல் மூலையில் வெண்கல நிறத்தில் ஒரு பொடி நட்சத்திரம் இருக்கும், பரிசு அவ்வளவுதான். ஏறத்தாழ 70 லட்சம் கட்டுரைகள் உள்ள களஞ்சியத்தில் இந்த நட்சத்திரம் வாங்கியவை ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் தேறும். அதை வாங்க ஒரு பரிந்துரை வேண்டும். முன்பின் அறியாதவர்கள் கூடி நடத்தும் விசாரணையில் தேற வேண்டும். தேறிய பிறகு, முதற்பக்கத்தில் ஒரே ஒரு நாள் இடம்பெற இன்னொரு பரிந்துரை. சாலைக் கட்டுரைகளும் அவற்றின் பரிந்துரை வாதங்களும் எனக்கு நெடுநாள் ருசி. சாலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, இங்கே தொடங்கி அங்கே முடிகிறது, அவ்வளவுதானே என்று நண்பர்கள் கேட்பார்கள். அந்த 'அவ்வளவுதானே'யைப் படிக்கத்தக்க உரைநடையாக்குவதில்தான் இந்தக் கலையே இருக்கிறது. நாயகன் கிடையாது, உரையாடல் கிடையாது, திருப்பம் என்றால் சாலைத் திருப்பம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு சபையேற வேண்டும்.

நான் இருப்பது திருச்சி கே.கே. நகரில். உழவர் சந்தைப் பக்கம் நின்று கிழக்கே போனால் புதுக்கோட்டை ரோடு, மேற்கே போனால் மதுரை பைபாஸ். இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளுக்கு நடுவில் குடியிருக்கிறோம். ஆனால் அவற்றின் எண் இங்கே யார் வாயிலும் வராது. 'ஏர்போர்ட் ரோடு' என்பார்கள், 'சென்னை பைபாஸ்' என்பார்கள். லாரிக்காரர்கள் சிலர் இன்னும் 'நாற்பத்தஞ்சு' என்கிறார்கள். சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தேனி வரை போன பழைய தேசிய நெடுஞ்சாலை 45 அது. திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி போனது 45பி. 2010-இல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது, வேலூரில் தொடங்கித் தூத்துக்குடியில் முடியும் 38 வந்து, அந்த இரண்டிலும் திருச்சியைத் தொடும் பகுதியை விழுங்கிவிட்டது.

புதிய எண்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வடக்கு–தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்காக எண் கூடிக்கொண்டே போகும். கிழக்கு–மேற்காகப் போகிறவற்றுக்கு ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்காகக் கூடும். ஆகவே திருச்சியைக் குறுக்காகக் கடக்கும் சாலைகளுக்கு 81, 83 என்று பெரிய ஒற்றைப்படை எண்கள். மூன்று இலக்கம் என்றால் கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையைச் சொல்லும். எங்கள் புதுக்கோட்டை ரோட்டுக்கு 336. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சை, புதுக்கோட்டை வழியாக மானாமதுரை போகும் 36-இன் கிளை அது. எண்ணைப் பார்த்தே சாலையின் குலம் கோத்திரம் சொல்லிவிடலாம். நல்ல சாலைக் கட்டுரை இதையெல்லாம் முதல் பத்தியிலேயே, மூச்சு வாங்காமல், இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடும்.

சாலைக் கட்டுரைக்கு ஒரு மரபு உருவாகிவிட்டது. முதலில் சுருக்கம். பிறகு வழித்தட விவரிப்பு. பிறகு வரலாறு. கடைசியில் சந்திப்புகளின் அட்டவணை. ஓரத்தில் ஒரு பெட்டி: எண் பலகை, நீளம், வரைபடம், இரண்டு முனைகள். கட்டளைக் கலித்துறைபோல் கட்டுப்பாடான வடிவம். வடிவம் கட்டுப்பாடாக இருக்கும்போதுதான் எழுதுகிறவரின் கை தெரியும். நான் முதலில் புரட்டுவது வழித்தட விவரிப்பை. அங்கே தோற்றவர் வேறெங்கும் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

வழித்தட விவரிப்பில் பயணி கிடையாது. 'நீங்கள் வலப்பக்கம் திரும்பினால்' என்று எழுதக் கூடாது. யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று களஞ்சியத்துக்குத் தெரியாது. வலமும் இடமும் போய்விட்டால் மிச்சம் நான்கு திசைகள். அதோடு பெயரடைகளும் போய்விடும். அழகான, ரம்மியமான, பரபரப்பான என்று எதையும் எழுத வழியில்லை. ஒரு நிலத்தைக் காட்ட வேண்டும், ஆனால் பார்க்கும் கண் ஒன்று இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. எழுதிப் பார்த்தால் தெரியும், எவ்வளவு கஷ்டம் என்று.

நம் இலக்கியத்தில் வழி சொல்வதற்கென்றே ஒரு வகை இருந்தது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வருகிறவனுக்கு வழி காட்டுகிறான். மலைபடுகடாத்தில் நன்னனின் ஊருக்குப் போகும் மலைவழியில் எங்கே வழுக்கும், எங்கே இரவில் நடக்கக் கூடாது, எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பதுவரை 583 அடியில் கணக்கு இருக்கிறது. ஆனால் நான் ஒரு சாலைக் கட்டுரையை விரிக்கும்போது நினைவுக்கு வருவது ஆற்றுப்படை அல்ல, சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. உறையூரை விட்டு மதுரைக்குப் போகும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மாங்காட்டு மறையோனைச் சந்திக்கிறார்கள். கொடும்பாளூர் நெடுங்குளக் கரையில் வழி சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான் அவன். வலப்பக்க வழி சிறுமலைப் பக்கம், இடப்பக்க வழி அழகர்மலைப் பக்கம், நடுவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் என்ன மரம், என்ன நீர்நிலை, என்ன ஆபத்து என்று சொல்லிக்கொண்டு போகிறான்.

இந்தக் கொடும்பாளூர் விராலிமலைக்குத் தெற்கே, இன்றைய 38-ஆம் எண் சாலைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் இன்றும் நிற்கின்றன. திருச்சி–மதுரைச் சாலைக்கு இதைவிடப் பழைய சந்திப்பு அட்டவணை யாரிடம் இருக்கிறது? எதிரில் ஆள் நின்று கேட்டதால் மறையோன் வலம், இடம் என்று சொல்ல முடிந்தது. விக்கிப்பீடியாக்காரர் மேற்கு, கிழக்கு என்று மாற்றி எழுத வேண்டும். அதுமட்டுமா? கானுறை தெய்வம் பற்றிய வரிக்கு மேற்கோள் கேட்பார்கள்.

தமிழுக்கு இந்த வேலை இயல்பாக வரும் என்பது என் கட்சி. நம் வினையெச்சம் சாலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் 38-ஐ இப்படி எழுதிப் பாருங்கள்: பாடாலூரையும் சமயபுரம் சுங்கச்சாவடியையும் தாண்டி, கொள்ளிடத்தைக் கடந்து, திருவானைக்காவலுக்குக் கிழக்கே ஸ்ரீரங்கம் தீவைக் குறுக்காக வெட்டி, காவிரியைக் கடந்து, சஞ்சீவி நகரில் மாநகரைத் தொடுகிறது. பால்பண்ணையில் தஞ்சைச் சாலையைச் சந்தித்து, பொன்மலை ரயில்வே பணிமனையை ஒட்டி ஜி கார்னர் வழியாக மன்னார்புரம் சேர்ந்து, அங்கிருந்து தென்மேற்காக விலகி, பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையத்தைக் கடந்து விராலிமலையை நோக்கிப் போகிறது. தாண்டி, கடந்து, வெட்டி, ஒட்டி, சேர்ந்து, விலகி. வாக்கியமும் சாலைபோல் நிற்காமல் ஓடுகிறது. வினைமுற்று வரும் இடத்தில் ஊர் வந்துவிடுகிறது. ஆங்கிலக் கட்டுரைகளில் 'சாலை செல்கிறது', 'சாலை திரும்புகிறது' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் எழுவாயைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் சுமை இல்லை.

இந்த வசதியில் ஒரு ஆபத்தும் உண்டு. எச்சத்துக்கு மேல் எச்சம் அடுக்கினால் வாசகர் எந்த ஆற்றில் நிற்கிறோம் என்று தெரியாமல் திணறுவார். எங்கே முற்று வைக்க வேண்டும் என்பதில்தான் ரசனை இருக்கிறது. நான் என்றால் காவிரியைக் கடந்ததும் வைப்பேன்.

ஊரே இல்லாத சாலைக்கு என்ன செய்வது? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இன்டர்ஸ்டேட் 70 என்ற சாலை கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை 110 மைல் ஓடுகிறது. கிட்டத்தட்ட 177 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுக்க ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய், அதற்கப்பால் விருதுநகரை நெருங்கும் தூரம். நடுவில் சுக்குமல்லிக் காபிகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையின் கட்டுரையும் நட்சத்திரம் வாங்கியதுதான். வெறுமையைக் கட்டுரை மறைக்கவில்லை. அந்த நிலத்தில் சாலை போடுவது ஏன் அவ்வளவு பாடாக இருந்தது, பாறையில் எங்கே வெட்டினார்கள், ஏன் முதலில் இரண்டு தடத்தோடு நிறுத்தினார்கள் என்று வெறுமையின் காரணத்தைச் சொல்கிறது. ஊர்ப்பெயர் இல்லாத இடத்தில் மண் பேசுகிறது. எழுதத் தெரிந்தவர் கை என்று அங்கே ஒப்புக்கொண்டேன். எம்-185 கட்டுரையின் சாமர்த்தியம் வேறு. வட்டச் சாலைக்குத் தொடக்கம் எது, முடிவு எது? வழித்தட விவரிப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது? அதை அந்தக் கட்டுரை அலட்டிக்கொள்ளாமல் தீர்த்துவிட்டுப் போகிறது.

வரலாற்றுப் பகுதிக்கு வந்தால் ரசனையோடு சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் எந்தப் பழைய சாலையைக் கேட்டாலும் ராணி மங்கம்மாள் போட்டது என்பார்கள். திருச்சியைத் தலைநகராக வைத்து 1689 முதல் 1706 வரை ஆட்சியை நடத்தியவர். சாலையும் சத்திரமும் சோலையும் அவர் பெயரில் தெற்கு முழுக்க இருக்கின்றன. ஆனால் இந்தக் குறிப்பிட்ட சாலை, இந்தக் குறிப்பிட்ட துண்டு, அவர் போட்டதா? சான்று இருந்தால் எழுது, இல்லாவிட்டால் விடு என்பதுதான் விதி. விடுவதற்கு மனசு வராது. மனசை அடக்குகிறவர்தான் தேறுகிறார்.

விடாமல் எழுத வேண்டியவையும் இருக்கின்றன. கொள்ளிடத்தின் குறுக்கே 1928-இல் கட்டிய இரும்புப் பாலத்தின்மேல்தான் பழைய சென்னைச் சாலை நம்பர் ஒன் டோல்கேட்டிலிருந்து தீவுக்குள் இறங்கியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து அதன் ஒரு பகுதி ஆற்றுக்குள் போயிற்று. 2024 ஜனவரியில் ஜி கார்னர் மேம்பாலத்தின் பக்கச் சுவர் சரிந்து, சென்னை–மதுரை வண்டிகளை நகருக்குள் திருப்பிவிட்டார்கள். கே.கே. நகர்க்காரர்களுக்கு அந்த நாள்கள் மறக்காது. ஆனால் சாலையின் மொத்தக் கதையில் அதற்கு ஒரு வாக்கியம்தான். நேற்று நடந்தது என்பதற்காகப் பெரிதாக்கக் கூடாது. இந்த அளவுணர்ச்சிதான் நல்ல வரலாற்றுப் பகுதியின் இலக்கணம். நாளிதழ் படித்து வளர்ந்த நமக்கு அது சுலபத்தில் வருவதில்லை. ஊரில் நம்பர் ஒன் டோல்கேட், டி.வி.எஸ். டோல்கேட் என்று இரண்டு பஸ் ஸ்டாப்புகள் இருக்கின்றன. இரண்டிலும் இன்று யாரும் காசு வசூலிப்பதில்லை. வசூல் நடப்பது சமயபுரத்தில். இதை எந்தப் பகுதியில், எந்தச் சான்றோடு எழுதுவது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போன இரவுகள் எனக்கு உண்டு.

சான்று என்றதும் ஒரு பெரிய சண்டை ஞாபகத்துக்கு வருகிறது. வரைபடத்தைப் பார்த்து 'சாலை இந்த ஆற்றைக் கடக்கிறது' என்று எழுதினால் அது சான்றோடு எழுதியதா, சொந்தக் கண்டுபிடிப்பா? ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தக் கேள்வி பல ஆண்டுகள் புகைந்தது. 2023-இல் சாலைக் கட்டுரைகள் எழுதிவந்தவர்களில் பலர் விலகிப் போய் ஏஏரோட்ஸ் விக்கி என்று தனிக் களஞ்சியமே தொடங்கிவிட்டார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. வரைபடம் என்ன இருக்கிறது என்று சொல்லும். எது முக்கியம் என்று சொல்லாது. ஆற்றைக் கடக்கிறது என்பதற்கு வரைபடம் போதும். அந்தக் கடப்பினால் ஊர் எப்படி மாறியது என்பதற்கு யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். திருச்சிக்கு அப்படி எழுதி வைத்தவர்கள் உண்டு. லூயிஸ் மூரின் மாவட்டக் கையேடு 1878-இல் வந்தது. ஹெமிங்வேயின் மாவட்ட விவரச்சுவடி 1907-இல். சாலையைப் பற்றி அவர்கள் எழுதியதைப் படித்தால், எழுத ஒன்றுமில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி விசாரணை. இதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் மண்டபம். ராமாயணத்தை அங்கேதான் அரங்கேற்றினார் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. அரங்கேற்றுமுன் கம்பரைப் பல இடங்களுக்கு அலையவிட்டார்கள், பலரிடம் சம்மதம் வாங்கி வரச் சொன்னார்கள் என்பார்கள். அரங்கேற்றத்தில் இரணியன் வதைப் படலத்துக்கு ஆட்சேபம் எழுந்தது. முதல்நூலான வால்மீகியில் இப்படியொரு பகுதி இல்லையே, எங்கிருந்து கொண்டு வந்தீர் என்று கேட்டார்களாம். களஞ்சிய விசாரணையில் முதலில் வரும் கேள்வியும் இதுவேதான். கம்பருக்கு அங்கிருந்த நரசிம்மர், மேட்டழகிய சிங்கர், தலையசைத்துச் சம்மதம் சொன்னார் என்று கதை முடிகிறது. விக்கிப்பீடியாவில் தலையசைக்கச் சிங்கம் இல்லை. எதை எழுதினாலும் பக்க எண் கொடுத்தாக வேண்டும்.

பரிந்துரைப் பக்கத்தில் முதல் பத்தி, பரிந்துரைப்பவர் எழுதுவது. நான்கைந்து வரிதான். இதுவே ஒரு தனிக் கலை. 'இது மிகச் சிறந்த கட்டுரை' என்று தொடங்கியவர்கள் பாதித் தோல்வியோடு தொடங்குகிறார்கள். இது எந்தச் சாலை, இதில் என்ன விசேஷம், இதற்கு முன் யார் பார்த்துத் திருத்தினார்கள், நன்றி. முடிந்தது. தற்புகழ்ச்சியும் கூடாது, போலிப் பணிவும் கூடாது. நம் கல்யாணப் பத்திரிகைகளில் இல்லாத ஒரு அடக்கம் அது. அதற்குக் கீழே வரிசையாக ஆள்கள் வருவார்கள். ஒருவர் உரைநடையைப் பார்ப்பார். ஒருவர் படங்களின் உரிமத்தைப் பார்ப்பார். ஒருவர் மேற்கோள்களைத் திறந்து, சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தக் காலத்தில் இந்தத் தகுதிக்கே 'அபார உரைநடை' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார்கள். நன்றாக எழுதியிருந்தால் போதும். இன்று சான்றுக்கே முதல் மரியாதை. கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன். சான்று குறையில்லாமல் இருந்தும் உப்புச்சப்பில்லாத கட்டுரைகள் சில நட்சத்திரத்தோடு உலவுகின்றன.

தலையை எண்ணித் தீர்ப்பு சொல்வதில்லை. ஆட்சேபங்களுக்குப் பதில் வந்ததா என்று பார்த்து ஒருங்கிணைப்பாளர் முடிவைச் சொல்வார். தோற்றால் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி வரலாம். இந்த வாதங்களில் எனக்குப் பிடித்தது, சண்டை போடும் விஷயங்களின் பொடித்தனம். எண்களுக்கு நடுவில் வரும் கோடு நீளமா குட்டையா, மைல் முதலில் வருமா கிலோமீட்டர் முதலில் வருமா என்று இரண்டு பெரியவர்கள் மூன்று நாள் பேசுவார்கள். பேச்சு முழுக்க மரியாதை. கடைசியில் ஒருவர் விட்டுக்கொடுப்பார், மற்றவர் ஆதரவு எழுதுவார். சிரிப்பு வரும், ஆனால் கோட்டை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் பாலம் கட்டிய ஆண்டைத் தப்பாக விட்டிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையும் வரும்.

தமிழில் இதே விசாரணை நடந்தால் ருசி இன்னும் கூடும். ஸ்ரீரங்கமா திருவரங்கமா என்ற ஒன்றிலேயே கிரந்தக் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். திருவானைக்காவா, திருவானைக்காவலா, திருவானைக்கோவிலா? அடுத்து வல்லினம் மிகும் இடங்கள். பிறகு இலங்கைத் தமிழர் ஒருவர் வந்து, எல்லாம் சரி, இதை வீதி என்றல்லவா சொல்ல வேண்டும் என்பார்.

அவர் பேச்சில் நியாயம் உண்டு. தமிழில் எந்தச் சாலையின் கட்டுரை முதற்பக்கத்துக்குப் போக வேண்டும் என்று என்னை மத்தியஸ்தம் கேட்டால், எங்கள் ஊர்ச் சாலைகளைத் தள்ளிவைத்துவிட்டு ஏ-9 என்றுதான் சொல்வேன். கண்டியிலிருந்து தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் போகும் வீதி. அந்த வீதி திறந்தால் ஒரு வாழ்க்கை, அடைத்தால் ஒரு வாழ்க்கை என்று ஒரு குடாநாடே இருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம், அதன்பின் வீதி திறப்பு. 2006 ஆகஸ்டில் முகமாலையில் மறுபடி அடைப்பு. 2009-இல் போர் முடிந்த பிறகு மீண்டும் திறப்பு. இதை எழுதுகிறவர் நடுநிலையாக எழுத வேண்டும். ஒரு பக்கத்தாருக்கு வீரம், மறு பக்கத்தாருக்குத் துரோகம் என்று எந்தச் சொல்லும் வரக் கூடாது. தேதி, இடம், யார் அடைத்தார்கள், யார் திறந்தார்கள், எத்தனை நாள் சாமான் வரவில்லை. பெயரடை இல்லாத வாக்கியம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சோதனை தமிழில் இருக்க முடியாது. சாலைக் கட்டுரையின் வறண்ட வடிவத்தைக் கேலி செய்கிறவர்கள் இந்த ஒரு வீதியை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நட்சத்திரம் கிடைத்தபின் முதற்பக்கம். அங்கே கட்டுரை முழுசாக வராது; ஒரு சுருக்கம்தான். ஆங்கிலத்தில் இடைவெளியும் சேர்த்து 925 முதல் 1,025 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்று விதி. மாதக்கணக்கில் எழுதியதை ஒரு பத்திக்குள் மடக்க வேண்டும். எதை விடுவது? எண் மாறிய கதையை விடலாம். நீளத்தை விட முடியாது. பாலத்தை வைக்கலாம். இந்தச் சுருக்கங்களைத் தனியாகப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. நல்லவற்றில் வெட்டிய தடமே தெரியாது. தேதிக்கும் ஒரு வழக்காடல் உண்டு. பாலம் திறந்த நாள், சாலைக்கு எண் கொடுத்த நாள் என்று பொருத்தம் காட்டி இந்த நாளில் போடுங்கள் என்று கேட்கலாம். முன்பெல்லாம் அதற்கு மதிப்பெண் முறையே இருந்தது: தேதிப் பொருத்தத்துக்குக் கூட்டு, அதே மாதிரிக் கட்டுரை சமீபத்தில் வந்திருந்தால் கழி. கொள்ளிடம், காவிரி இரண்டையும் கடக்கிற 38-க்கு நான் ஆடிப்பெருக்கைக் கேட்பேன். சாலைக்கும் ஆடிப்பெருக்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஆட்சேபம் வரும். அன்றைக்குப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஆற்றைப் பார்க்காதவர் இந்த ஊரில் யார் என்று சான்றில்லாமல் பதில் சொல்லித் தோற்பேன்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர் 30-ஐத் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அதை ஆரம்ப நாள்களில் ஏறக்குறையத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர் இ. மயூரநாதன். 2015-க்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது; பெரும்பாலும் எழுத்தாளர்களுக்குப் போகும் விருது ஒரு களஞ்சியக்காரருக்குப் போனது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது; முதல் தொகுதி 1954-இல். அந்த மரபில் வந்த நமக்கு வாதம் நடத்த ஆலமரத்தடி என்று பெயரிட்ட இடம் இருக்கிறது, முதற்பக்கத்தில் கட்டுரைக்கு இடம் இருக்கிறது, பரிந்துரைக்க வழி இருக்கிறது. நெடுஞ்சாலைகளுக்குத்தான் ஆள் இல்லை. தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் பக்கங்கள் உண்டு. பெரும்பாலானவை தொடக்கம், முடிவு, நீளம் என்று சில வரிகளோடு நின்றுவிட்டவை. அதியமான் பெருவழியில் நாவல்தாவளத்துக்குக் காதம் 29 என்று கல்லில் வெட்டி, எழுத்தறியாதவர்களுக்காக அதையே குழிகளாகவும் போட்டுவைத்த நாடு இது. அந்தக் கல்லில் இருந்த அக்கறை நம் பக்கங்களில் இல்லை.

38 பெரிய சாலை; முதல் முயற்சிக்கு ஆகாது. கே.கே. நகரிலும் சுந்தர் நகரிலும் விடுமுறைக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, 336-இலிருந்து தொடங்குங்கள். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். விமான நிலையத்தை ஒட்டிப் போய், மாத்தூர், கீரனூர், நார்த்தாமலைக் குன்றுகளைத் தாண்டிப் புதுக்கோட்டையில் முடிகிறது. 2010 அரசிதழ் அறிவிக்கையை எடுங்கள், ஹெமிங்வேயைப் புரட்டுங்கள், மாவட்ட மைய நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேளுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் படம் எடுத்து வாருங்கள். எழுதி முடித்துப் பரிந்துரைத்தால் கருத்துச் சொல்ல நான் வருவேன். ஒற்றுப்பிழை இருந்தால் ஆட்சேபம்தான்.